நியூட்ரல் போன இரவும் இரண்டு ஆக்டிவ் ஸ்பீக்கர்களும்

ஒரே மாடலில் இரண்டு ஆக்டிவ் ஸ்பீக்கர்கள், அதாவது ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குள்ளேயே இருக்கும் வகை, பன்னிரண்டு அங்குலம். அம்மன் கோயில் கொடையில் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஓடிக்கொண்டிருந்தவை ஒரே நேரத்தில் ஊமையாகிவிட்டன. மைக்செட் வைத்திருக்கும் அண்ணாச்சி மறுநாள் காலையிலேயே இரண்டையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

"தம்பி, டியூப்லைட் எல்லாம் திடீர்னு பளிச்சுனு எரிஞ்சுது. அடுத்தாப்ல பாட்டு நின்னு போச்சு. ஃபியூஸ் மட்டும் மாத்திக் குடு, இன்னைக்கு ராத்திரி வில்லுப்பாட்டு இருக்கு."

அவர் சொன்னதில் பாதி நோய்க்கு விடை கிடைத்துவிட்டது. விளக்கு மங்கவில்லை, அதிகமாக எரிந்திருக்கிறது. தற்காலிக வயரிங்கில், எல்லா ஃபேஸுக்கும் பொதுவான திரும்பு வயரான நியூட்ரல் கழன்றால் நடப்பது இதுதான். ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட், இரண்டு ஃபேஸுக்கு இடையே 400 வோல்ட். நியூட்ரல் இருக்கும்வரை ஒவ்வொரு ஃபேஸும் தன் 230லேயே நிற்கும். அது அறுந்த நொடியில் ஒரு ஃபேஸில் உள்ள லோடும் இன்னொரு ஃபேஸில் உள்ள லோடும் வரிசையாகச் சேர்ந்து அந்த 400ஐப் பங்கு போட்டுக்கொள்ளும். சீரியல் செட், ஃபோகஸ் லைட் என்று லோடு கனமாக உள்ள பக்கத்தில் வோல்டேஜ் விழும். இரண்டு ஸ்பீக்கர், நாலு டியூப்லைட் என்று லோடு குறைவாக உள்ள பக்கத்தில் 300, 350 என்று எகிறும். அண்ணாச்சியின் ஸ்பீக்கர்கள் அந்தப் பக்கத்தில் இருந்தன.

பழைய ஆம்ப்ளிஃபயர்களில் வாசலிலேயே கனமான இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் உட்கார்ந்திருக்கும். வோல்டேஜ் கூடினால் அது உறுமும், சூடாகும், கொஞ்ச நேரம் தாங்கவும் செய்யும். இந்த ஸ்பீக்கர்களில் இருக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில், அதாவது வேகமாக ஆன்-ஆஃப் செய்து வோல்டேஜை மாற்றும் சப்ளையில், அந்தத் தாங்கல் இல்லை. வரும் ஏசியை நேராகப் பிரிட்ஜில் (நாலு டயோடு சேர்ந்த கூட்டு) டிசியாக்கி ஒரு பெரிய கெப்பாசிட்டரில் நிரப்பிவிடுகிறது. 230 ஏசி என்றால் அதன் உச்சமான 325 வோல்ட் அங்கே டிசியாக இருக்கும். 350 ஏசி வந்தால் கிட்டத்தட்ட 495. அந்தக் கெப்பாசிட்டரின் மேல் எழுதியிருப்பதோ 400 வோல்ட்.

இந்த இரண்டு ஸ்பீக்கர்களைப் பற்றி எழுதக் காரணம், ஒரே அடி இரண்டின் மேலும் விழுந்தும் விளைவு வேறு வேறாக இருந்ததுதான். எரிந்து கிடக்கும் பாகத்தைப் பார்த்தவுடனே கையில் சால்டரிங் அயர்னை எடுக்கக் கூடாது, அதை எரித்தது எது என்று தெரியாமல் கரண்ட் கொடுக்கக் கூடாது என்பதை இந்த ஜோடியை விடத் தெளிவாகக் காட்டும் வேலை எனக்கு வந்ததில்லை.

முதல் ஸ்பீக்கரைத் திறந்தேன். கண்ணாடி ஃபியூஸின் உட்புறம் முழுக்கக் கறுப்பு. ஃபியூஸைக் கழற்றி எறிவதற்கு முன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கம்பி நடுவில் சுத்தமாக அறுந்து கண்ணாடி தெளிவாக இருந்தால் லோடு கொஞ்சம் மிஞ்சிப் போயிருக்கிறது, அல்லது ஃபியூஸே வயதாகி அறுந்திருக்கிறது. கண்ணாடி கறுத்தோ வெள்ளி பூசியது போலவோ இருந்தால் உள்ளே நேரடி ஷார்ட். அந்த நிலையில் புது ஃபியூஸ் போட்டு ஆன் செய்வதால் ஒரு ஃபியூஸ் வீணாவதைத் தவிர வேறு பயன் கிடையாது.

ஃபியூஸை அடுத்து, இரண்டு லைனுக்கும் குறுக்கே வட்டமாக நீல நிறத்தில் ஒரு வில்லை இருக்கும். வேரிஸ்டர். 14டி471 என்று எழுதியிருக்கும். சாதாரண நேரத்தில் அது இருப்பதே தெரியாது. வோல்டேஜின் உச்சம் 470ஐ ஒட்டிப் போனால் தன் வழியே மின்னோட்டத்தை இழுத்து, கூடுதல் வோல்டேஜ் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளும். ஓரிரு மின்னல் துடிப்பைத் தாங்கும். நொடிக்கணக்கில் நீடிக்கும் ஓவர்வோல்டேஜைத் தாங்காது, வெடித்து ஷார்ட் ஆகும். அது ஷார்ட் ஆனதால்தான் ஃபியூஸ் போகிறது, ஃபியூஸ் போனதால்தான் பின்னால் உள்ள பாகமெல்லாம் பிழைக்கின்றன. இந்த ஸ்பீக்கரில் அப்படியேதான் நடந்திருந்தது. வேரிஸ்டர் இரண்டாகப் பிளந்து கிடந்தது. பிரிட்ஜ், பெரிய கெப்பாசிட்டர், ஆன்-ஆஃப் செய்யும் டிரான்சிஸ்டரான மாஸ்ஃபெட் எல்லாம் மீட்டரில் சரியாகக் காட்டின. பதினைந்து இருபது ரூபாய் வேரிஸ்டர் ஒன்று, ஃபியூஸ் ஒன்று. சீரிஸ் பல்பில், அதாவது லைனில் வரிசையாக ஒரு குண்டு பல்பைச் சேர்த்து (உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு எரிந்து கரண்டைக் கட்டுப்படுத்தும்), போட்டுப் பார்த்து, அன்று மாலையே கொடுத்துவிட்டேன். வில்லுப்பாட்டு அந்த ஒரு ஸ்பீக்கரில் நடந்தது.

இரண்டாவதில் வேரிஸ்டர் இருக்க வேண்டிய இடம் காலி. பிசிபியில், அதாவது பாகங்கள் பதித்த போர்டில், வட்டம் அச்சிட்டிருக்கிறது, கால் இரண்டும் கட்டர் வைத்து நறுக்கப்பட்டிருக்கின்றன. முன்பு ஒருமுறை எங்கேயோ பழுது பார்த்தவர் வெடித்த வேரிஸ்டரை வெட்டி எடுத்துவிட்டு, புதியது போடாமலே ஓட்டியிருக்கிறார். வேரிஸ்டர் இல்லாமலும் ஸ்பீக்கர் பாடும் என்பதால் இதைப் பலர் செய்கிறார்கள். அதோடு ஃபியூஸ் மேல் மெல்லிய செம்புக் கம்பியும் சுற்றியிருந்தது. இந்த இரண்டு காரியமும் சேர்ந்ததுதான் அன்று இரவு உள்ளே நடந்த எல்லாவற்றுக்கும் காரணம்.

பெரிய கெப்பாசிட்டர் தலை திறந்து, மீன் நாற்றம் போல ஒரு வாடையுடன் திரவம் கசிந்திருந்தது. மாஸ்ஃபெட்டின் மூன்று கால்களில் கரண்ட் நுழையும் டிரெயினும் வெளியேறும் சோர்ஸும் ஷார்ட். சோர்ஸுக்குக் கீழே கரண்டை அளக்க இருக்கும் 0.22 ஓம் சென்ஸ் ரெசிஸ்டர் ஓபன், அதாவது உள்ளே அறுந்துவிட்டது. ஆன்-ஆஃப் கட்டளை வரும் கேட் காலில் இருந்த 22 ஓம் ரெசிஸ்டர் வெடித்திருந்தது. பிரிட்ஜில் இரண்டு டயோடு ஷார்ட். ஃபியூஸில் சுற்றிய கம்பி போகவில்லை, அதற்குப் பதிலாகப் பிசிபியில் செம்புத் தடம் ஒரு விரல் நீளத்துக்குப் பெயர்ந்து எரிந்திருந்தது.

எந்த வரிசையில் இது நடந்திருக்கும் என்று யோசித்தால்தான் எதையெல்லாம் மாற்ற வேண்டும் என்பது புரியும். இது ஃப்ளைபேக் வகை: மாஸ்ஃபெட் ஆனில் இருக்கும்போது டிரான்ஸ்ஃபார்மரில் ஆற்றலைச் சேர்த்து, ஆஃப் ஆனதும் மறுபக்கத்துக்குக் கொடுக்கும். மாஸ்ஃபெட் ஆஃப் ஆகும் நேரத்தில் அதன் டிரெயினில் வெறும் 325 இருப்பதில்லை. டிரான்ஸ்ஃபார்மரின் மறுபக்கத்தில் இருந்து திரும்பி வரும் வோல்டேஜ் சுமார் 100, அதோடு ஒரு கூர்மையான ஸ்பைக், எல்லாம் சேர்ந்து 500ஐத் தொடும். 600 வோல்ட் மாஸ்ஃபெட்டுக்கு அது சௌகரியமான இடம். 325 இருக்க வேண்டிய இடத்தில் 495 வந்தால் மொத்தம் 650ஐத் தாண்டும். மாஸ்ஃபெட் உடைந்து ஷார்ட் ஆகும். கெப்பாசிட்டரில் உள்ளதெல்லாம் 0.22 ஓம் வழியே பாய்ந்து அது ஓபன் ஆகும். இப்போது கீழே போக வழியில்லாத உயர் வோல்டேஜ் கேட் ரெசிஸ்டர் வழியாகவும் கரண்ட் சென்ஸ் கால் வழியாகவும், மாஸ்ஃபெட்டை இயக்கும் கன்ட்ரோல் ஐசிக்குள் நுழையும். ஆகவே மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகி சென்ஸ் ரெசிஸ்டர் ஓபன் ஆகியிருந்தால், ஐசி வெளியே பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதை நம்பாதீர்கள். மாஸ்ஃபெட்டை மட்டும் மாற்றிவிட்டு ஆன் செய்தவர்கள் புது மாஸ்ஃபெட் ஒரு நொடியில் போவதைப் பார்த்திருப்பார்கள். காரணம் இந்தச் சங்கிலிதான். பிரிட்ஜ், மாஸ்ஃபெட், சென்ஸ் ரெசிஸ்டர், கேட் ரெசிஸ்டர், கேட்டைச் சுற்றியுள்ள சின்ன டயோடு, ஜீனர், ஐசி இவை அத்தனையையும் ஒரே செட்டாக நினைத்து மாற்றுவதுதான் என் வழக்கம். எல்லாம் சேர்ந்தும் மாஸ்ஃபெட்டை இரண்டு முறை வாங்கும் செலவுக்குள் அடங்கிவிடும்.

நல்ல செய்தி ஒன்றும் இதில் இருக்கிறது. மாஸ்ஃபெட் ஷார்ட் ஆன நொடியிலேயே சுவிட்சிங் நின்றுவிடும், டிரான்ஸ்ஃபார்மர் வழியே எதுவும் அந்தப் பக்கம் போகாது. அதனால் ஆம்ப்ளிஃபயர் பக்கம் பெரும்பாலும் தப்பித்துவிடும். வெளியீட்டு வோல்டேஜை அளந்து கன்ட்ரோல் ஐசிக்குச் சொல்லும் ஃபீட்பேக் பகுதி (ஆப்டோகப்ளர், டிஎல்431 உள்ளது) பழுதானால் கதை வேறு. அப்போது வெளியீடு கட்டுக்கடங்காமல் ஏறி, பின்பக்கக் கெப்பாசிட்டர்களும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்து போகும்.

இங்கே பாதுகாப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எஸ்எம்பிஎஸ் ஓடாமல் இருக்கும்போதுதான் அதிக ஆபத்து. ஓடும் சப்ளையை ஆஃப் செய்தால் லோடு கெப்பாசிட்டரைக் காலி செய்துவிடும். ஓடாத சப்ளையில் 300 வோல்ட் அப்படியே நிமிடக்கணக்கில் தங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டோமே என்று கை வைக்கக் கூடாது. முதலில் மீட்டர் வைத்துப் பாருங்கள். இருந்தால் 2.2 கிலோ ஓம், 10 வாட் செராமிக் ரெசிஸ்டரின் இரண்டு முனையிலும் நன்கு இன்சுலேட் செய்த வயர் போட்டு, கெப்பாசிட்டர் கால்களில் சில விநாடி பிடியுங்கள். மறுபடி மீட்டரில் பாருங்கள். ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் தடத்தையும் கெடுக்கும், கண்ணில் பொறியும் தெறிக்கும்.

அளக்கும்போது மீட்டரின் கறுப்பு வயரை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். லைனோடு சேர்ந்த முன்பக்கத்தை அளக்கப் பெரிய கெப்பாசிட்டரின் மைனஸ், டிரான்ஸ்ஃபார்மருக்கு அப்பால் உள்ள பின்பக்கத்தை அளக்க ஆடியோ கிரவுண்டு. இரண்டும் வேறு வேறு. ஸ்கோப் (வோல்டேஜின் அலையைத் திரையில் காட்டும் கருவி) இருப்பவர்கள், செட்டை லைனில் இருந்து பிரித்துவைக்கும் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் புரோபின் கிரவுண்டு கிளிப்பை முன்பக்கத்தில் மாட்டவே கூடாது. கிளிப் எர்த்தோடு சேர்ந்தது, முன்பக்க மைனஸ் லைனோடு சேர்ந்தது. மாட்டியவுடன் வெடிக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். கசிந்த திரவத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பிரஷ் போட்டுக் கழுவினேன். பாகங்கள் ஆடாமல் இருக்கக் கம்பெனியில் ஊற்றியிருந்த பசையையும் சுரண்டி எடுத்தேன். புதிதாக இருக்கும்போது வெளிர் மஞ்சளாக இருக்கும் அந்தப் பசை, வருடக்கணக்கில் சூடுபட்டுப் பழுப்பானால் மின்சாரத்தைக் கடத்த ஆரம்பிக்கும், பாகங்களின் காலையும் அரிக்கும். பசை பழுப்பாக இருந்தால் எடுத்துவிடுங்கள். பிசிபி கரியாகியிருந்த இடத்தையும் வெள்ளையாகத் தெரியும்வரை சுரண்டினேன், கரியும் மின்சாரத்தைக் கடத்தும். பிறகு தடத்துக்குப் பதில் தடித்த வயர் போட்டேன். கரி இரண்டு மூன்று தடத்துக்குப் பரவியிருந்தால் அந்தப் போர்டைக் காப்பாற்ற முயலாமல் விட்டுவிடுவதே மேல்.

பாகம் வாங்குவது தனிப் பாடு. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் இருந்து வரவழைத்தாலும் உள்ளூரில் வாங்கினாலும், மேலே எழுதியிருக்கும் நம்பரை மட்டும் நம்பி மாஸ்ஃபெட் போட முடிவதில்லை. நான் செய்யும் சோதனை எளிது. கேட்டுக்கும் சோர்ஸுக்கும் 12 வோல்ட் கொடுத்து, டிரெயின் வழியே 1 ஆம்பியர் ஓடவிட்டு, டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் இடையே எத்தனை வோல்ட் விழுகிறது என்று பார்ப்பேன். 10 ஆம்பியர், 600 வோல்ட் வகையான 10என்60 என்றால் முக்கால் வோல்ட்டுக்கு உள்ளே இருக்க வேண்டும். இரண்டு வோல்ட் காட்டினால் உள்ளே இருப்பது வேறு ஏதோ சின்னச் சில்லு. இதைவிட, பழைய கம்ப்யூட்டர் சப்ளையில் இருந்து கழற்றிய மாஸ்ஃபெட்டையே நான் பல நேரம் விரும்புவேன். பெரிய கெப்பாசிட்டருக்கு 400க்குப் பதில் 450 வோல்ட் வாங்கினேன், உயரம் இடித்தால் மட்டும் பழையபடி 400. காலியாக இருந்த இடத்தில் 14டி471 ஏறியது. ஃபியூஸ் போர்டில் எழுதியிருந்தபடியே, டி என்ற எழுத்து உள்ள ஸ்லோ வகை. கம்பி சுற்றல் கிடையாது.

எல்லாம் பற்றவைத்த பிறகும் நேராக லைனில் போடவில்லை. இந்தப் போர்டில் கன்ட்ரோல் ஐசியாக இருப்பது யூசி3844. இதை மெயின்ஸே இல்லாமல் சோதிக்க முடியும், இந்தச் சோதனையைத் தெரிந்துகொண்டால் நிறைய மாஸ்ஃபெட் மிச்சமாகும். பிளக்கைக் கழற்றிவிட்டு, பெஞ்ச் சப்ளையில் 18 வோல்ட் வைத்து, கரண்ட் லிமிட்டை 50 மில்லிஆம்பியரில் நிறுத்தி, 7ஆம் காலில் பிளஸ், 5ஆம் காலில் மைனஸ். இந்த ஐசி 16 வோல்ட்டில் விழிக்கும், 10க்குக் கீழே போனால் தூங்கும். 8ஆம் காலில் 5 வோல்ட் திடமாக நின்றால் ஐசி உயிரோடு இருக்கிறது. 6ஆம் காலில் துடிப்பு வரும். ஸ்கோப் இல்லாவிட்டாலும் மீட்டரை டிசியில் வைத்தால் 8 வோல்ட் அளவில் ஒரு சராசரி காட்டும், ஏனென்றால் இந்த ஐசி பாதி நேரத்துக்கு மேல் ஆனில் இருக்காது. மாஸ்ஃபெட்டின் கேட் காலிலும் அதே அளவு வந்தால் இடையில் உள்ள ரெசிஸ்டரும் சரி.

அடுத்தது சீரிஸ் பல்பு. 100 வாட் குண்டு பல்பைக் கிடைக்கும் இடத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், எல்ஈடி இதற்கு உதவாது. ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் வயர்களைக் கழற்றிவிட்டு ஆன் செய்தேன். பல்பு ஒருமுறை மின்னி அணைந்தது, ஷார்ட் இல்லை. ஆனால் பின்பக்கத்தில் ±36 வோல்ட் நிற்கவில்லை. போர்டில் இருந்து டிக், டிக் என்று சத்தம். மீட்டர் முள்ளாக இருந்திருந்தால் ஏறி ஏறி இறங்கியிருக்கும்.

டிக் டிக் என்றால் பலரும் பின்பக்கத்தில் ஷார்ட் தேடுவார்கள். தேட வேண்டியதுதான், நானும் டயோடுகளைப் பார்த்தேன், எல்லாம் சரி. அப்புறம்தான் காலையில் அண்ணாச்சியிடம் கேட்டு வாங்கிய பதில் கைகொடுத்தது. எந்தச் செட் வந்தாலும், போவதற்கு முன் ஒரு மாதமாக அது எப்படி நடந்துகொண்டது என்று கேட்டுவிடுவேன். இதைப் பற்றி அவர் சொன்னது: "காலையில ஆன் பண்ணா உடனே வராது தம்பி. ரெண்டு மூணு தடவ போட்டு போட்டு எடுக்கணும். வந்துட்டா அன்னைக்குப் பூரா ஓடும்."

அதாவது நியூட்ரல் போவதற்கு முன்பே இதில் இன்னொரு நோய் இருந்திருக்கிறது. ஐசியின் 7ஆம் காலில் ஒரு 47 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் கெப்பாசிட்டர் உட்கார்ந்திருக்கும். பெரிய ரெசிஸ்டர்கள் வழியே மெதுவாக நிரம்பி 16 வோல்ட் ஆனதும் ஐசி விழிக்கும். டிரான்ஸ்ஃபார்மரின் சின்னச் சுற்றில் இருந்து சப்ளை வந்து சேரும்வரை அந்தச் சில மில்லிவிநாடிகளுக்கு ஐசியைத் தாங்குவது இந்தக் கெப்பாசிட்டர்தான். அது காய்ந்திருந்தால் ஐசி விழித்தவுடனே 10க்குக் கீழே சரிந்து தூங்கிவிடும், மறுபடி விழிக்கும், மறுபடி தூங்கும். ஹேர் டிரையரால் அந்தக் கெப்பாசிட்டரைக் கொஞ்சம் சூடாக்கினேன், சப்ளை உடனே எழுந்து நின்றது. காய்ந்த எலக்ட்ரோலிட்டிக் சூட்டில் கொஞ்ச நேரம் வேலை செய்யும். அண்ணாச்சி போட்டுப் போட்டு எடுத்ததும் இதே காரணத்தால்தான். கழற்றி அளந்தால் சாதாரண கெப்பாசிட்டன்ஸ் மீட்டரில் 39 காட்டியது, பார்க்க மோசமில்லை. கெப்பாசிட்டரின் உள்தடையை அளக்கும் இஎஸ்ஆர் மீட்டரில் 15 ஓமுக்கு மேல். புதியதில் ஒரு ஓமைச் சுற்றித்தான் இருக்கும். பழுது பார்க்கும் தொழிலில் ஒரு மீட்டர்தான் வாங்க முடியும் என்றால் இஎஸ்ஆர் மீட்டரை வாங்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

அது காய்ந்த காரணம் பக்கத்திலேயே இருந்தது. ஒட்டினாற்போல ஒரு 2 வாட் ரெசிஸ்டர், எப்போதும் சூடு. 105 டிகிரி வகையில் புதியது போட்டு, ரெசிஸ்டரின் காலைச் சற்று உயர்த்திக் கெப்பாசிட்டரை விட்டு விலக்கி வைத்தேன். பத்து டிகிரி சூடு குறைந்தாலே எலக்ட்ரோலிட்டிக்கின் ஆயுள் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும்.

±36 வோல்ட், ±15 வோல்ட் எல்லாம் வந்தன. ஆனாலும் ஆம்ப்ளிஃபயரை உடனே சேர்க்கவில்லை. சீரிஸ் பல்பை எடுத்துவிட்டு, வயர்வூண்ட் ரெசிஸ்டர்களை லோடாகப் போட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடவிட்டேன். மாஸ்ஃபெட்டும் டிரான்ஸ்ஃபார்மரும் அளவான சூட்டில் நின்றன. அதன் பிறகு ஆம்ப்ளிஃபயரைச் சேர்த்து, ஊஃபரை மாட்டாமல், வெளியீட்டில் டிசி இருக்கிறதா என்று அளந்தேன். சில மில்லிவோல்ட்தான். கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயர் கெட்டிருந்தால் இங்கே முழு 36 வோல்ட்டும் நிற்கும், ஊஃபரின் கம்பிச் சுருளுக்கு நேராகப் போய் அதை எரித்துவிடும். கடைசியாக, கனமான பாகங்களின் கால்களில் எல்லாம் சால்டரைப் புதுப்பித்தேன். ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளேயே இருக்கும் போர்டு இடைவிடாமல் அதிர்கிறது. டிரான்ஸ்ஃபார்மர், கனெக்டர், ஹீட்சிங்க் கால்களில் வட்டமாக மயிரிழை விரிசல் விழுவது இவற்றில் மிகச் சாதாரணம்.

திருப்பிக் கொடுக்கும்போது அண்ணாச்சி ஒன்று கேட்டார். "மைக்குல லேசா சுர்ருனு இழுக்குது, அந்த நீலக் கண்டன்சர வெட்டி விட்டா போயிரும்னு சொல்றாங்களே?"

முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் இணைக்கும் ஒய் கெப்பாசிட்டரைத்தான் சொல்கிறார். 2.2 நானோஃபாரட் வழியே 230 வோல்ட்டில் 0.16 மில்லிஆம்பியர் அளவு போகும். எர்த் இல்லாவிட்டால் அது பெட்டியிலும் மைக் ஷீல்டிலும் தேங்கும். பல கருவிகள் ஒரே ஷீல்டில் சேரும்போது அது கூடிச் சுர்ரென்று தெரியும். வெட்டினால் சுவிட்சிங் இரைச்சல் ஒலியில் ஏறும். அதைவிட மோசம், அதற்குப் பதில் சாதாரண செராமிக் கெப்பாசிட்டர் போடுவது. ஒய் வகை கெப்பாசிட்டரை, பழுதானாலும் ஷார்ட் ஆகாத மாதிரி செய்திருக்கிறார்கள். சாதாரண வகை ஷார்ட் ஆனால் லைன் நேராக மைக்குக்கு வந்துவிடும். ஈர மண்ணில், மேடையில், வெறுங்காலோடு ஒரு குழந்தை அந்த மைக்கைப் பிடித்துப் பாடும். இந்த ஒரு விஷயத்தில் எவ்வளவு அவசரமாக இருந்தாலும் நான் இறங்கி வருவதில்லை. சுர்ரென்று இழுத்தால் தேட வேண்டியது எர்த். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிட்டு ஓட்டும் செட்களை நான் பிளக் மாற்றாமல் கையில் கொடுப்பதும் இல்லை.

அண்ணாச்சி அதன் பிறகு தன் மெயின் போர்டில் சில மாற்றங்கள் செய்தார். நியூட்ரல் வயரை முறுக்கிவிடாமல் லக் போட்டு போல்ட்டில் இறுக்குகிறார். ஜெனரேட்டருக்கு மாற்றும்போது முதலில் ஸ்பீக்கர்களை ஆஃப் செய்து, வோல்டேஜ் நிலைத்த பிறகே ஆன் செய்கிறார். சவுண்டு லைனுக்கு மட்டும் தனியாக ஒரு ஓவர்வோல்டேஜ் கட்-ஆஃப் வாங்கி 270 வோல்ட்டில் வைத்திருக்கிறோம். அதைத் தாண்டினால் அது லைனை அறுத்துவிடும், வோல்டேஜ் இறங்கி நிலைத்த பிறகுதான் மீண்டும் கொடுக்கும். வேரிஸ்டரும் உள்ளே இருக்கிறது.